படிகம் இல்லாத பெட்டி

“உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, டீச்சர். அதைப் போடலைன்னா எங்க உழைப்பெல்லாம் தண்ணிக்குள்ள போயிடும்.”

திருமேனி நின்றுகொண்டே சொன்னான். பெயர் சொன்னால் நாலு நாட்டில் தெரியும் இயற்பியல்காரன். தலை பாதி நரைத்துவிட்டது. இருந்தாலும் இந்த அறைக்குள் வந்தால் அவன் மாணவன். அதனால் நானும் ‘அவன்’ என்றே சொல்கிறேன்.

அமலோற்பவம் டீச்சர் அவனைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கல்லூரியில் அவனுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர். அவனுடைய ஆய்வுக் குழுவின் கணக்கைச் சரிபார்ப்பவரும் அவர்தான். ‘கண்டுபிடித்தோம்’ என்று வெளியே சொல்வதற்கு முன் அவர் கையெழுத்து வேண்டும். அது அந்தக் குழுவின் வழக்கம்.

இப்படி ஒரு வேலையில் இருப்பவரை யாரும் ஆசையாகத் தேடி வருவதில்லை.

“உக்காரு,” என்றார்.

அவன் உட்காரவில்லை. வெளியே காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை பணம் தர்ற கமிட்டி வருது. முடிவுன்னு ஒண்ணு கையில இருந்தாத்தான் சுரங்கத்துல பம்பு ஓடும். இல்லைன்னா அடுத்த மழைக்காலத்துக்குள்ள நிறுத்திடுவாங்க. பம்பு நின்னா ஆய்வுக்கூடமே முங்கிடும்.”

பழைய சுரங்கம் அது. தங்கம் தீர்ந்ததும் கைவிட்டார்கள். அதன் அடியில், மலை முழுவதும் தலைக்கு மேல் இருக்க, ஓர் ஈயப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பெரிய படிகம். யாரும் இதுவரை பார்க்காத துகள் ஒன்று எப்போதாவது படிகத்தைத் தொட்டால், மின்மினியைவிடச் சின்னதாக ஓர் ஒளி வரும். சுற்றியிருக்கும் கண்ணாடிக் குழாய்கள் அதைக் குறித்துக்கொள்ளும்.

திருமேனியும் மாசானமும் அந்த ஒளிக்காகத்தான் சுரங்கத்தில் இறங்கினார்கள். இளைஞர்களாக இறங்கினார்கள். மாசானம் இப்போது இல்லை.

திருமேனி ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தான். சமமாக ஓடும் கோட்டின் நடுவில் ஒரு மேடு.

“பாருங்க. எங்கே வரணுமோ அங்கேயே வந்திருக்கு.”

டீச்சர் பார்த்தார்.

“முதல்லயே இருந்துதா இது?”

“மங்கலா இருந்துது. பம்பு அதிர்ந்த நாளையெல்லாம் எடுத்தேன், கொஞ்சம் தெரிஞ்சுது. மின்சாரம் ஏறி இறங்கின நாளை எடுத்தேன், இன்னும் தெரிஞ்சுது. ஈரம் அதிகமான நாளை எடுத்தேன். இப்போ பளிச்சுன்னு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு டீச்சர், சும்மா வெட்டலை.”

“மேடு வராம இருந்திருந்தா அடுத்து எந்த நாளை எடுத்திருப்பே?”

திருமேனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வான்.

“இது எனக்காக இல்லை டீச்சர். மாசானம் கீழேயே செத்தான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, தனியா. அன்னைக்குப் பெட்டிக்குள்ள படிகம்கூட இல்லை. வெளியே எடுத்து வெச்சிருந்தான். படிகம் உள்ளே இருந்தப்போ போயிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும்.”

டீச்சர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“அவன் பொண்டாட்டி கோமதி கேட்டா, இவரு அங்கே இத்தனை வருஷம் என்னத்தப் பார்த்தாருன்னு. கண்டுபிடிப்பு வரும், அதுல அவன் பேருதான் முதல்ல இருக்கும்னு அவ கையைப் பிடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

டீச்சர் எழுந்து கணினியைத் திறந்து, இரண்டு ஃபைல்களைக் காட்டினார்.

“ரெண்டும் உங்க பெட்டியில பதிவானதுதான். ஆரம்ப வருஷத்தோடது. ஒண்ணு படிகத்தோட எடுத்தது. இன்னொண்ணு படிகம் இல்லாம, வெறும் ஓட்டம். பேரை எடுத்துட்டேன். ஒளிகளோட எண்ணிக்கையையும் சமமாக்கிட்டேன். ரெண்டையும் உன் வழக்கப்படி நாளை வெட்டித் துப்புரவு பண்ணிக் கொண்டா.”

வெறும் ஓட்டம் என்றால் காலிப் பெட்டியை ஓடவிட்டுப் பதிவு செய்வது. கண்ணாடிக் குழாய்கள் சும்மா இருக்கும்போதும் தாமாக மினுக்கும். அந்தப் பொய் மினுக்கல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மெய்யை நம்பலாம். திருமேனிக்கு அது தெரியாததில்லை. ஆனால் படிகத்தை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் துகள் கையை விட்டுப் போகிறது என்று அவனுக்குத் தவிப்பு.

“இதைச் செஞ்சா கையெழுத்துப் போடுவீங்களா?”

“செஞ்சுட்டு நீயே சொல்லு, போடலாமான்னு.”

பக்கத்து அறைக்குப் போனான். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் இரண்டு காகிதங்களோடு வந்தான். காலையில் வந்த முகம் இல்லை. தெளிந்திருந்தது.

இடது கையில் இருந்ததில் ஒரு சின்ன மேடு. வலது கையில் இருந்ததில் பெரிய மேடு, ஏறக்குறைய அதே இடத்தில்.

“எது படிகம்?”

வலது கையை நீட்டினான்.

“நிச்சயமா?”

“பார்த்தாலே தெரியுதே டீச்சர். இடது பக்கத்துல இருக்கறது தற்செயலா வந்த ஏத்த இறக்கம், அவ்வளவுதான். மெய்யுன்னா இப்படித்தான் இருக்கும். ஆரம்ப வருஷத்துலயே வந்திருக்கு, நாங்கதான் கவனிக்காம விட்டிருக்கோம்.”

அவன் சிரிக்கக்கூடச் செய்தான்.

டீச்சர் அந்தக் காகிதத்தை வாங்கி மேசையில் வைத்தார். அதன் மேல் கையை வைத்தார்.

“இது வெறும் ஓட்டம், திருமேனி.”



திருமேனி உட்கார்ந்தான். காலையிலிருந்து இப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்கிறான்.

“ஃபைல் மாறியிருக்குமோ?”

“மாறலை.”

“இன்னொரு தடவை…”

“பண்ணு. இன்னும் ரெண்டு நாளை வெட்டினா இடது பக்க மேடும் உசந்துடும். உனக்கு அது வரும்.”

அவன் அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடி பார்த்தான். அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியதாக, வாழ்க்கை முழுவதையும் காலிப் பெட்டியிடம் கொடுத்துவிட்டோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

“என்னைச் சோதிக்கத்தான் வெச்சிருந்தீங்களா இதை?”

“உனக்காக வெச்சதில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாசானம் ஒரு மேட்டோட வந்தான். இதே நாற்காலி. இதே ரெண்டு ஃபைல்.”

திருமேனி நிமிர்ந்தான்.

“அவன் எதைக் காட்டினான்?”

“வலது பக்கத்தை.”

“அப்புறம்?”

“அழுதான். அப்புறம் காபி கேட்டான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“வெறும் ஓட்டம் இன்னும் வேணும்னு சொல்லலை உங்கிட்ட?”

சொல்லியிருந்தான். திருமேனிக்கு ஞாபகம் வந்தது. மாசம் ஒரு தரம் சொல்லியிருந்தான். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் திருமேனி கத்தியது ஞாபகம் வந்தது. ‘வெத்துப் பெட்டிக்கு வாட்ச்மேன் வேலை பாக்கத்தான் படிச்சியாடா?’ மாணவர்கள் சிரித்தார்கள். மாசானமும் சிரித்தான். மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு தனியாக லிஃப்டில் இறங்கிப் போனான்.

“இல்லைன்னு தெரிஞ்சப்புறமும் எதுக்கு டீச்சர் கீழே போனான்?”

“இல்லைன்னு தெரியலை. இருக்குன்னு சொல்ல முடியாதுன்னுதான் தெரிஞ்சுது. படிகத்தோட எடுத்த அளவுக்கு அது இல்லாமலும் எடுத்தாத்தான் எதையும் உறுதியாச் சொல்லலாம்னேன். அதை எடுக்கப் போனான்.”

திருமேனி தன் வரைபடத்தைச் சுருட்டினான். மறுபடி விரித்தான். மடித்துப் பைக்குள் வைத்தான்.

“எடுத்து முடிச்சுட்டானா?”

“கொஞ்சம் பாக்கி.”

“எவ்வளவு?”

“பம்பு நிக்கறதுக்குள்ள எடுத்துடலாம். இன்னைக்கே ஆரம்பிச்சா.”

“எடுத்தா என்ன சொல்லலாம்?”

“அதை எடுத்தாத்தான் தெரியும். அநேகமா, அந்தத் துகள் இந்த இடத்துல இல்லைன்னு சொல்லலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இன்னொருத்தன் இன்னொரு மலைக்கு அடியில இதே இடத்தைத் தேடி ஆயுசைத் தொலைக்க வேண்டாம்.”

“கோமதிகிட்ட நான் சொன்ன வாக்கு?”

“பேரைப் போடு. முதல்லயே போடு. இல்லைன்னு சொல்றதுக்கும் யாராவது பேரு போட்டாகணும். அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்.”

வெளியே தூறல் மழையாக மாறியிருந்தது. சுரங்கம் இருக்கும் பக்கத்திலும் பெய்துகொண்டிருக்கும். திருமேனி ஜன்னலைப் பார்த்தபடி கைப்பேசியை எடுத்தான். சுரங்கத்தின் மேல்தளத்தில் பொறியாளர் ஒருவர் அழைப்பை எடுத்தார்.

“தணிகாசலம், படிகத்தை வெளியே எடுத்து வைங்க. வெறும் ஓட்டம் போடணும்.”

“இப்பவா சார்? வெள்ளிக்கிழமை கமிட்டி வருதே. காலிப் பெட்டியைக் காட்டினா என்ன நினைப்பாங்க?”

“காலிப் பெட்டியைத்தான் காட்டப்போறோம்.”



“சரி சார். நீங்க வர்றீங்களா?”

“வரேன். பம்பு நிக்கற வரைக்கும் கீழேதான் இருக்கப்போறேன். பெட்டி பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வைங்க.”

“போட வேண்டாம் சார். மாசானம் சாரோட நாற்காலி அங்கேயேதான் கிடக்கு.”