கை படாமல் கிளம்பிய வண்டி

சங்ககிரியில் ஒரு மெக்கானிக் கடையில் கொடிமலர் என்றொருத்தி தொழில் கற்றுக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காண்ட்ராக்டர் நல்லசிவம் தன் மோட்டார் சைக்கிளை வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார். செல்ஃப் சுற்றியது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை.

"போன வாரம் இந்தப் புள்ள கை வெச்சா, வண்டி படுத்துருச்சு. இவளை வேலையை விட்டு நிறுத்து!" என்று முதலாளியிடம் கத்தினார். பெண் கை பட்டால் இன்ஜினுக்குக் கோபம் வருமாம்! "இல்லையா, கையே படாம இவ வண்டியைக் கிளப்பட்டும், பார்க்கலாம்."

பெரிய வாடிக்கையாளர். முதலாளி வாயைத் திறக்கவில்லை.

கொடிமலர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டாங்க் மூடி முழுக்கப் பூஜைச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது.

"சரிங்கய்யா, பெட்ரோல் இருக்குதான்னு நீங்களே மூடியைத் திறந்து பாருங்க."

திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"இப்பப் பட்டனை அமுக்குங்க."

இரண்டாம் அமுக்கில் வண்டி உறுமியது.

"மூடியில காத்துப் போக ஓட்டை இருக்குதுங்க. அதை அடைச்சா பெட்ரோல் இறங்காது. சந்தனம் பூசினது யாருங்க?"

"நான்தான்! வேற ஒருத்தரையும் தொடவே விடலையே!"

"அப்ப வண்டியில கை வைக்கக் கூடாதது யாருங்கய்யா?"

கடையே சிரித்தது. முதலாளிக்கும் அப்போதுதான் வாய் வந்தது. "கொடிமலரு, அடுத்த வண்டியைப் பிரி, அம்மணி" என்றார்.