பூங்காவனம் செஞ்ச மேஜை

ஒரு ஊர்ல ஒரு பூங்காவனம். நாப்பது வயசுல பத்தாவது பரீட்சை எழுதணும்னு அவளுக்கு ஆசை. ஆனா எழுத மேஜை இல்ல. மடியில அரிசி டப்பா மூடிய வச்சு எழுதுவா, எழுத்தெல்லாம் கோணக்கோணலா போகும். ம் சொல்லு.

அவ பெருக்கப் போற புது வீட்டுல, தரைக்குப் போட்டது போக பதினோரு தேக்குப் பலகை மிஞ்சிச்சு. வீட்டுக்காரம்மா "எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. மேஜை செய்யப் போறேன்னு அவ தூக்கிட்டு வந்தா, புருஷன் ஏகாம்பரம் சிரிச்சான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மேஜை நிக்கணும். நின்னா, நீ பரீட்சை முடிக்கிற வரைக்கும் சமையல் என்னுது. நிக்கலன்னா எல்லாம் வெந்நீர் அடுப்புக்கு."

"சரிங்க"ன்னா.

அந்தப் பலகைக்கு ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் வாய். இதோட நாக்கு அதோட வாய்க்குள்ள போகணும். சுத்தியால ஓங்கி அடிச்சா. படக்! நாக்கு ஒடிஞ்சுது. அப்புறம் நடுவுல ஒரு துண்டுக் கட்டைய வச்சுத் தட்டினா. டொக், டொக், டொக். மிச்சம் பத்தும் கப்புனு உக்காந்துச்சு.

அப்புறம் எல்லாத்தையும் கழட்டி, பசை தடவி, திரும்பச் சேத்து, சுத்திக் கயிறு கட்டி, பூரிக்கட்டைய சொருகி முறுக்கினா. கர்... கர்... நடுவுல அப்பளமாட்டம் உப்பிக்கிச்சு! விடுவாளா? அம்மிக்கல்லத் தூக்கி மேல வச்சா. தொம்! படிஞ்சிருச்சு. ம்?

அப்புறம் பழைய தையல் மெஷின் கால் மேல பலகைய ஏத்தி முடுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்சா. சர்... சர்... வழவழன்னு ஆயிடுச்சு. சந்தோஷம் தாங்கல அவளுக்கு. வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடியே மூலையில மஞ்சளும் குங்குமமும் குழைச்சுப் பொட்டு வச்சுட்டா! வெறும் மரம், அப்படியே குடிச்சுக்கிச்சு. தேச்சா போகல, சோப்புப் போட்டா போகல. அழுகையே வந்துச்சு. அப்புறம் "போனாப் போவுது"ன்னு அது மேலயே வார்னிஷ் அடிச்சுட்டா.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஏகாம்பரம் சொம்பு நிறைய தண்ணி வச்சு மேஜைய ஆட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு சிந்தல. அப்போ பக்கத்து வீட்டுக் குப்பம்மா எட்டிப் பார்த்து, "யக்கா, எந்தக் கடையில வாங்கின?"ன்னா. சமையல்லேருந்து தப்பிக்கணுமே, ஏகாம்பரம் மீசைய முறுக்கிக்கிட்டு, "நான்தான் வாங்கியாந்தேன்"ன்னான். கொழுப்பப் பாரேன்!

பூங்காவனம் மூலையில இருந்த பொட்டக் காட்டினா. "எந்தக் கடைக்காரன்டி வார்னிஷுக்கு அடியில பொட்டு வச்சு விக்கிறான்?"

குப்பம்மா கொல்லுன்னு சிரிச்சா. ஏகாம்பரம் உள்ள போயி வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சான். நறுக், நறுக். பூங்காவனம் நாற்காலிய இழுத்துப் போட்டு, நோட்டப் பிரிச்சு, மொத வரி எழுதினா. எழுத்து நேரா நின்னுச்சு.

"ம்" சத்தத்தக் காணோமே? சரி, மேஜையும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு, கண்ண மூடிக்கோ தங்கம்.