வார்டன் போடாத கையெழுத்து

வேறு கல்லூரியிலிருந்து மாற்றலாகி வந்த செல்லக்கிளி, தினமும் மணப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். திங்கட்கிழமை பரீட்சை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், அவள் விடுதியில் தங்கவில்லை என்று வார்டன் எழுதித் தர வேண்டும் என்றார் நூலகர்.

வார்டன் சகுந்தலா மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விடுதிப் பிள்ளைங்களுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். நீ யாரோ, எவளோ."

"சரிங்க மேடம். நான் உங்ககிட்ட வரவே இல்லைன்னு நூலகர் நினைப்பாரு. ஏன் முடியாதுன்னு ரெண்டு வரி நீங்களே எழுதிக் குடுத்திருங்க."

மேடம் பச்சை மையில் அழுத்தி எழுதினார்: 'இப்பெண் எங்கள் விடுதியில் தங்கவில்லை. ஆகவே கையெழுத்திட இயலாது.' கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அன்று மாலை மணப்பாறை பஸ்ஸில், செல்லக்கிளியின் மடியில் மூன்று தடித்த புத்தகங்கள் சொகுசாக உட்கார்ந்து போயின.