வெல்லம் போடாத களி

"வெல்லம் போடாமல் களி செஞ்சேன் அம்மா. ஒருத்தர்கூட ரெண்டாவது வாய் வைக்கலை" என்றார் ஏகாம்பரம்.

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் சமையல்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குருவான தெய்வயானை அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மனசு குழம்பினால் அடுப்பை அணைத்துவிட்டு அவரிடம்தான் வந்து நிற்பார்.

"யாருக்காகச் செஞ்சீங்க?"

"கனகசபைக்காக."

கனகசபை பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மடத்தோடு தங்கிவிட்டவர். சர்க்கரை நோய்க்காரர். போன மார்கழித் திருவாதிரைக்கு, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று சுடச்சுட நாலு கிண்ணம் களி சாப்பிட்டார். மறுநாள் காலை அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பிழைத்ததே பெரும்பாடு.

அந்தக் களியைக் கிண்டியவர் ஏகாம்பரம். அதை அவரால் மறக்க முடியவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் மூன்று நாள் முன்னதாகவே செய்து பார்த்தார். அரிசிக்குப் பதில் சாமை. வெல்லம் கிடையாது. நெய் கிடையாது. தேங்காய்கூடக் கிடையாது.

"கனகசபை என்ன செஞ்சார்?"

"ஒரு வாய் வச்சார். கையைக் கழுவிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டார். டீக்கடையில நின்னு ரெண்டு கிரீம் பன்னு தின்னாராம். பால்காரர் பார்த்துட்டு வந்து சொல்றார். அவர் உடம்புக்கு நல்லதுன்னுதானே செஞ்சேன்?"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"சாப்பிடுங்க."

கையோடு கொண்டு வந்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கு?"

"உடம்புக்கு நல்லது."

"நான் அதைக் கேட்கலையே."

ஏகாம்பரம் தலை குனிந்தார்.

"சாமை இருக்கட்டும்" என்றார் அம்மா. "வெளியே அனுப்பின மத்தவங்களை உள்ளே கூப்பிடுங்க."

"நெய்யையுமா?"

"நெய்யையும்தான்."

"மறுபடி அவர் விழுந்துட்டா?"

அம்மா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

திருவாதிரையன்று பொழுது விடிந்தும் பனி விலகவில்லை.

வறுத்த சாமை, பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, தேங்காய், ஏலக்காய். நெய் வாசனை மடத்தைச் சுற்றி வந்தது. பக்கத்து அண்டாவில் பரங்கி, அவரை, சர்க்கரைவள்ளி என்று ஏழு காய் போட்ட கூட்டு கொதித்தது. காய்களை அம்மாவே பறித்துக் கொடுத்திருந்தார். வருஷா வருஷம் அந்தக் கூட்டு களிக்குத் துணையாக இலையின் ஓரத்தில் ஒரு சொட்டு விழும். அதோடு சரி.

பந்தியில் முதல் இலை கனகசபையுடையது. போன வருஷத்தைவிடப் பாதியாக மெலிந்திருந்தார். கண் மட்டும் களிப் பாத்திரத்தின் மேலேயே இருந்தது.

ஏகாம்பரம் பெரிய அகப்பையைக் களிக்குள் விட்டார். அள்ளவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

அம்மா வந்தார். அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவி, கூட்டு அண்டாவில் போட்டார். நெய் ஊற்றும் சின்னக் கரண்டியை எடுத்துக் களியில் செருகினார்.

பிறகு தானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டார்.

ஏகாம்பரம் அகப்பையையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பரிமாறத் தொடங்கினார்.

ஒவ்வொரு இலையிலும் எலுமிச்சங்காய் அளவு களி. மூன்று அகப்பை கூட்டு. அம்மாவின் இலையிலும் அதே அளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றார் கனகசபை.



களியில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கிள்ளுக்கு வெகுநேரம் ஆயிற்று. நடுவில், தன்னையறியாமல், கூட்டு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

கடைசியில் இலையைத் தட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

ஏகாம்பரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா நிமிரவில்லை. தன் இலையில் இருந்த பரங்கித் துண்டை ருசித்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் அகப்பை நிறையக் கூட்டை அள்ளி ஊற்றினார்.

"களி?"

"அடுத்த திருவாதிரைக்கு."

கனகசபை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுவரைக்கும் நான் இருக்கணுமேய்யா!"

"அதுக்குத்தான்" என்றார் ஏகாம்பரம்.