ஒரே பந்தி

"கடன் குடுத்தவன் நம்ம வாசலுக்கு வர்றதுக்கு முந்தி நாம அவன் வாசலுக்குப் போயிரோணும்" என்று காளியண்ணனின் பெரியப்பா சொல்வார். அதோடு நிறுத்தமாட்டார், பின்னால் இன்னொன்றும் சொல்வார். அந்தப் பின்பாதி காளியண்ணனுக்கு மறந்துபோய்விட்டது. முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு வாசலில் வாங்கியதை இன்னொரு வாசலில் கொடுத்தான். அவனுடைய விசைத்தறிகள் நின்ற பிறகு பிழைப்பே அதுவாகிவிட்டது.

பௌர்ணமியன்று காலையில், அன்றாட அன்னதானச் சமையலுக்கு அவன் ஒத்தாசை செய்துவரும் ஆற்றோர மடத்துக்குப் போனான். மடத்தை நடத்தும் தவமணியம்மா அவனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் அவன் கைகட்டித்தான் நிற்பான்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க."

"ஃபைனான்ஸ்காரன் கடைவீதியில வெச்சுச் சட்டையப் புடிச்சுட்டானுங்க. இன்னிக்கு வீட்டுப் பத்திரத்த அவங்கிட்டக் குடுத்துரலாம்னு எடுத்துட்டு வந்துட்டேன். வக்கீலு வேண்டாங்கறாரு. கோர்ட்டுல திவால் மனுப் போட்டா, இருக்கறத எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுப்பாங்களாம். ஆனா மஞ்சக் கடுதாசி குடுத்தவன்னு ஊரு காறித் துப்புமுங்களே? எது சரிங்க?"

"பத்திரத்தக் குடுத்துட்டா, கடன் குடுத்த மத்தவங்களுக்கு?"

"மத்தவங்க இவனாட்டம் கத்தறதில்லீங்க. பேங்க்ல இருந்து நோட்டீஸ் வருது. எங்கிட்டத் தறி ஓட்டின செல்லான் செத்தப்ப வந்த பணத்த அவன் சம்சாரம் மாராத்தா எங்கிட்டத்தான் குடுத்து வெச்சா. அவ வாயே தொறக்கறதில்லீங்க."

தவமணியம்மா கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வந்துருவாங்க. பரிமாறுங்க."

அன்றைக்கென்று பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டமொன்று மடத்துக்குள் நுழைந்தது. காளியண்ணன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். பந்தி போட்டு உட்கார வைத்தால் சோறு பற்றாதது தெரிந்துவிடும். அண்டாவைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்து, வாசலில் நின்றபடியே வந்தவர்களுக்குப் போட்டான்.

"அண்ணோவ், இந்தத் தட்டையும் கொஞ்சம் பாருங்க!"

"அண்ணனுக்குக் கண்ணு அந்தப் பக்கமேதான் போகுது. பொண்ணு எதும் பார்த்து வெச்சிருக்காரோ என்னமோ!"

சத்தம் போட்டவன் தட்டு நிறைந்தது. சட்டை போடாத தடியன் ஒருவன் வாங்கித் தின்றுவிட்டு மறுபடி வந்து முன்னால் நின்றான். தூணோரம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் காளியண்ணன் சொன்னான்:

"அடுத்த ஈடு வெந்துட்டே இருக்குதுங்க. இதா, ஆச்சு."

"பரவால்லீங்கண்ணா, வரட்டும்" என்றாள் அவள்.

பின்னாலிருந்து தவமணியம்மாவின் குரல் கேட்டது.

"அடுப்புல என்ன வேகுது?"

காளியண்ணன் திரும்பவில்லை.

"ஒண்ணும் வேகலீங்க."

"அண்டாவுக்கு ஒரு பக்கம் கை குடுங்க."

இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் வைத்தார்கள். தவமணியம்மா மூடியை எடுத்தார்.

"சோறு இவ்வளவுதானுங்க. ஒரு தடவ வாங்கினவங்களுக்கு இனி இல்ல. வாங்காதவங்க எல்லாரும் ஒரே பந்தியா உக்காருங்க. ஆளுக்கு அரை வயிறு வரும்."

தடியன் முறைத்தான். "அப்பறம் எதுக்கு அன்னதானம்னு போர்டு வெச்சீங்க?" என்று தட்டை வீசிவிட்டுப் போனான். காளியண்ணனுக்குக் காது சுட்டது. மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

"அரை வயிறுன்னா நடக்கறதுக்குச் சொகந்தான்" என்றார் ஒருவர். வரிசை சிரித்தது.

முதல் தட்டுக்கு எவ்வளவோ அவ்வளவே எல்லாத் தட்டுக்கும் போட்டுக்கொண்டு போனான். தூணோரம் இருந்தவளுக்கும் போட்டான். கடைசியில் ஒரு தட்டு ஆளில்லாமல் இருந்தது.

"இது யாருக்குங்க?"

"உங்களுக்கு."

"நான் பரிமாறறவன்தானுங்களே."

"நீங்க மயங்கி விழுந்துட்டா நாளைக்கு யாரு ஒலை வெக்கறது? உக்காருங்க."

உட்கார்ந்து சாப்பிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

கூட்டம் கிளம்பிப் போனது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது தவமணியம்மா கேட்டார்.

"நடுவுல கொண்டுவந்து வெச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"உசுரே போயிருச்சுங்க."

"அதுக்கப்பறம்?"

காளியண்ணன் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அதுக்கப்பறம் பொய் சொல்ற வேலையில்லாமப் போச்சுங்க."

தவமணியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் வீடுங்கம்மா?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"அதுவும் அண்டாவுல இருக்கற சோறுதான்."

"மாராத்தாளுக்கு?"

"பந்தின்னு ஒண்ணு போட்டாத்தானே, கேக்காதவங்களுக்கும் எடம் இருக்கும்?"

காளியண்ணன் பத்திரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பெரியப்பா சொல்லும் பின்பாதி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது: "போயி, இருக்கறத இருக்கறபடி சொல்லிரோணும்." ஃபைனான்ஸ் கடை இருந்த தெருவுக்குள் திரும்பாமல், நேராக வக்கீல் ஆபீசுக்குப் போனான். கடன் கொடுத்தவர்கள் அத்தனை பேர் பெயரையும் தன் வாயால் சொல்லி எழுதவைத்து, திவால் மனுவில் கையெழுத்துப் போட்டான்.