பேச்சியம்மாளின் ஹெட்செட்

எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஞானசிகாமணி வைத்ததுதான் சட்டம். அவரிடம் ஆபரேஷன் படிக்க வந்த டாக்டர் பேச்சியம்மாள், கேம் விளையாடுகிற வி.ஆர். ஹெட்செட்டில் அகச்சிவப்புக் கேமரா ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தாள். ஊசியில் ஏற்றிய மருந்து புற்றுநோய் பரவும் நிணநீர் முடிச்சுகளில் சேர்ந்து ஒளிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை ஹெட்செட் காட்டும்.

"முப்பது வருஷமா கத்தி பிடிக்கிற என் கண்ணுக்குத் தெரியாதது, இந்த விளையாட்டுச் சாமானுக்குத் தெரியுமோ?" என்றார் அவர், டாக்டர்கள் அறையில், எல்லார் முன்னாலும். "நோயாளி கிடையாது, மருந்து கிடையாது. இப்பவே, இங்கயே காட்டு. இல்லேன்னா வீட்டுக்குக் கொண்டுபோய் விளையாடு."

நர்ஸுகள் நாங்களும் அங்கேதான் நின்றிருந்தோம். பேச்சி ஹெட்செட்டை மாட்டி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காட்டுறேன் சார். முதல்ல நீங்க மட்டும் பாருங்க."

அவருக்கு அதை மாட்டிவிட்டு, சுவரிலிருந்த நிலைக்கண்ணாடி முன் நிறுத்தினாள். தலைக்கு அடித்த டை அந்தக் கேமராவிடம் எதையும் மறைக்காது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கருகருவென்ற அவர் தலை அதில் பஞ்சாக வெளுத்து நின்றதாம்.

"நல்லாத் தெரியுதா சார்? மத்தவங்களுக்கும் காட்டட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" அவசரமாகக் கழற்றினார். "நாளைக்கு ஆபரேஷன்லயே போட்டுப் பார்த்துடலாம்."

இன்று வெளியூர் டாக்டர்கள் அந்த ஹெட்செட்டைப் போட்டுப் பார்க்க எங்களிடம் வருகிறார்கள். "என் ஸ்டூடண்ட் செஞ்சது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர் பெரிய டாக்டர்தான். சொல்லும்போதே ஆபரேஷன் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொள்வார்.