நாட்டுக்கு நாடு மாறிய சீட்டுக்கட்டு

முன்னொரு காலத்தில், கழுதை பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில், வளையநாடு என்று ஒரு குட்டி நாடு இருந்தது. அந்த நாட்டில் சீட்டு என்றால் வட்டம்தான். துணியில் புளியங்கொட்டைப் பசை தடவி, வட்டமாக வெட்டி, அரக்குப் பூசி, மீன், ஆமை, வில், குதிரை என்று படம் எழுதி வைத்திருப்பார்கள். மழை வந்தால் ஆடுவார்கள், மாப்பிள்ளை வந்தால் ஆடுவார்கள், யாரும் வராவிட்டாலும் ஆடுவார்கள்.

அங்கே கோமேதகம் என்று ஒருத்தி. நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அது வேகும்வரை பொறுக்காமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். அவள் புருஷன் தும்பையன், குதிரைச் சேணம் தைக்கிறவன். இலைநாட்டுச் சந்தைக்குச் சேணம் விற்கப் போனவன் திரும்பி வரவில்லை. கூடப் போனவர்கள்தான் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

"கலைச்சாண்டிகிட்ட சீட்டாடித் தோத்துட்டான் தாயி. தோத்தவன் சீட்டாவே ஆயிட்டான்."

கலைச்சாண்டி யார் தெரியுமா? மந்திரவாதி. உட்கார்ந்தாலும் சீட்டைக் கலைப்பான், நடந்தாலும் கலைப்பான், வலது கை சோற்றைப் பிசையும்போது இடது கை கலைக்கும். சரசர, சரசர. அந்தச் சத்தம் கேட்டால் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுக்கும். அவன் சீட்டுக்கட்டில் இருக்கிற ஒவ்வொரு சீட்டும் ஒரு காலத்தில் ஆளாக நடமாடியதுதான். இறக்குகிற ஒவ்வொரு தடவையும் சீட்டில் சாயம் கொஞ்சம் தேயும். முழுக்கத் தேய்ந்தால் வெறும் அட்டை. அப்புறம் அந்த ஆள் கிடையாது.

இதைக் கேட்டதும் கோமேதகம் உலையைக்கூட இறக்கவில்லை. கிளம்பிவிட்டாள்.

நடந்தாள், நடந்தாள், நடக்காத நேரம் ஓடினாள். இலைநாடு வந்தது. இலந்தை மரத்தடியில் கலைச்சாண்டி சீட்டை விரித்திருந்தான். சீட்டெல்லாம் நீள நீளமாக, இலையும் மணியும் கொட்டையும் இதயமுமாக இருந்தன. மணிச் சீட்டில் ஒரு சிப்பாய் முழித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் தும்பையன்! இடது காது தேய்ந்து போயிருந்தது.

"மாமா!" என்று பாய்ந்து பிடித்தாள். சீட்டு கெண்டைக்குஞ்சு போல நழுவியது. கட்டு முழுவதும் குருவிக் கூட்டமாக எழும்பி மந்திரவாதி கையில் போய் உட்கார்ந்தது.

"பிடுங்கினா வராது புள்ளே. ஆடி ஜெயிச்சாத்தான் வரும்."

"அப்ப ஆடுய்யா!"

"இந்த ஊர்ல ஆடி முடிச்சாச்சு. அடுத்த நாட்டுக்கு வா."

சரசர, சரசர. போய்விட்டான்.

நடந்தாள், நடந்தாள், நடக்காத நேரம் ஓடினாள். வாள்நாடு வந்தது. குளக்கரையில் அதே கலைச்சாண்டி, அதே கட்டு. ஆனால் இலையைக் காணோம், மணியைக் காணோம். வாள், கோப்பை, காசு, தடி! தும்பையன் கோப்பை ஏந்தி நின்றான். இப்போது மூக்கும் பாதிதான் இருந்தது.

"பந்தயமா என்ன வைக்கிறே?" என்றான் மந்திரவாதி.

"என் வளையல்."

"பித்தளையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"என் கூந்தல்."

"எனக்கே முடி அதிகம்."

"வேற என்னதான்யா வேணும்?"

"உன் தூக்கம். நான் படுத்து எத்தனையோ வருஷமாச்சு."

சரி என்றாள். ஆடினார்கள். அவன் பத்துக் கோப்பையை இறக்கினான். இவள் ஒற்றைக் கோப்பையை அடித்துப் போட்டு, "என் பிடி!" என்று கத்தினாள்.

ஏன் அப்படிப் போட்டாள்? சொல்கிறேன். வளையநாட்டில் வில்லிலும் குதிரையிலும் பத்துதான் பெரிது. ஆனால் மீன், ஆமை போன்ற தண்ணீர்ச் சீட்டுகளில் ஒன்றுதான் பெரிது, பத்து கடைசி. குளத்தில் தனியாகத் திரிகிற மீன் பெரிய மீன், கூட்டமாகப் போவது பொடி மீன் இல்லையா? அந்தக் கணக்கு. கோப்பை என்றதும் தண்ணீர்ச் சீட்டு என்று நினைத்துவிட்டாள்.

கலைச்சாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒண்ணை வச்சுப் பத்தைப் பிடிக்கறாளே! உனக்கு எண்ணவே தெரியாதா?"

கோமேதகம் தோற்றுவிட்டாள். அவள் தூக்கம் அவனிடம் போய்விட்டது. அவன் அங்கேயே சாய்ந்து குறட்டை விட்டான். குறட்டைக்கு நடுவிலும் கை மட்டும் சரசர, சரசர.

அவளோ கண்ணை மூடினால் இமை தானாகத் திறந்துகொண்டது. உட்கார்ந்தால் கால் எழுந்தது. குளத்தைச் சுற்றினாள், திரும்பவும் சுற்றினாள்.

"ஒரு இடத்துல நில்லு தாயி. எனக்குத் தலை சுத்துது" என்றது ஒரு குரல். மந்திரவாதியின் கழுதை.

"நிக்க முடிஞ்சா நிக்கமாட்டேனா? ஏன் இந்தச் சீட்டு இப்படி மாறிக்கிட்டே இருக்கு?"

"எந்த மண்ணுல வைக்கிறானோ அந்த மண்ணுச் சீட்டு, அந்த மண்ணுச் சட்டம். அது கட்டோட குணம். அவனால மாத்த முடியாது."

"எங்க வளையநாட்டு மண்ணுல வச்சா?"

"அங்க இவன் வந்ததே இல்லை. இத்தனூண்டு நாடு, அங்க வந்து என்னத்தை ஜெயிக்கன்னுவான்."

கோமேதகம் நின்றாள். அன்றைக்கு முதல் தடவையாக நின்றாள். பிறகு கழுதையின் முதுகைப் பார்த்தாள்.

"அப்படிப் பார்க்காதே தாயி. நான் மந்திரவாதி கழுதை. மண்ணு சுமக்கிற கழுதை இல்லை."

"வழியெல்லாம் கொள்ளு தர்றேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

எத்தனையோ வருஷத்துத் தூக்கத்தை மந்திரவாதி தூங்கித் தீர்ப்பதற்குள், இருவரும் வளையநாட்டுக்குப் போய் இரண்டு மூட்டை மண்ணோடு திரும்பிவிட்டார்கள். கோமேதகம் அதில் சாணியைக் கலந்து அவன் முன்னால் தரையை வழவழவென்று மெழுகினாள். உச்சி வெயிலில் அவன் எழுந்தான்.

"யாரு மெழுகினது?"

"நான்தான். பெரிய மனுஷன் ஆடுற இடம், புழுதியா விடலாமா?"

அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கட்டை அதில் வைத்தான். சீட்டுகளின் மூலைகள் சுருண்டன, மடங்கின, வட்டமாயின.

"இதென்ன, அப்பளமாட்டம்?"

"பயமா இருந்தா விட்டுடுங்கய்யா."

"எனக்கா? வட்டமோ சதுரமோ, எண்ணத் தெரிஞ்சவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். என்ன பந்தயம்?"

"என்னையே வைக்கிறேன். நான் ஜெயிச்சா கட்டு முழுசும் எனக்கு. மூணு பிடி, ரெண்டு எடுத்தவங்களுக்கு ஜெயம். ஆட்டத்துக்கு முன்னால ஆளுக்கு ஒரு சீட்டு மாத்திக்கணும், அது இந்த மண்ணு வழக்கம்."

சீட்டைப் பிரித்துக்கொண்டதும் அவள் ஒரு வில் சீட்டைக் கொடுத்தாள். அவன் தன் கைச் சீட்டைத் துழாவி, இருப்பதிலேயே மட்டமானது என்று ஒன்றை வீசினான். ஒற்றை மீன். சாயமெல்லாம் போய், மங்கலாக ஒரு கண் மட்டும் மிச்சம். அந்தக் கண் அவளைப் பார்த்து இமைத்தது.

தும்பையன்!

முதல் பிடி, குதிரை. அவன் பத்துக் குதிரையைப் போட்டு அள்ளினான். இரண்டாவது பிடி, ஆமை. இவள் எண்ணுக்கெல்லாம் மேலான ஆமை ராஜாவைப் போட்டு எடுத்தாள். மூன்றாவதுக்கு அவன் தொடையைத் தட்டிக்கொண்டு இறக்கினான். "பத்து மீன்!"

அவள் கையில் மீன் என்றால் அது ஒன்றுதான். இறக்கினால் ஜெயிக்கலாம். ஆனால் இறக்கும்போது அந்தக் கண்ணும் தேய்ந்துவிட்டால்? ஜெயித்து, வெறும் அட்டையோடு வீட்டுக்குப் போவதா? அவள் கால் எழுந்து ஓடப் பார்த்தது.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்றான் அவன். சரசர, சரசர.

"பொறுய்யா" என்றாள், ஒரு நாளும் பொறுத்தறியாத கோமேதகம். எல்லோரையும்போல அடித்துப் போடவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, உரசாமல், மெதுவாக, மெதுவாக வைத்தாள்.

"மறுபடியும் ஒண்ணா! பைத்தியக்காரி!"

அவன் சிரித்து முடிக்கவில்லை. பத்து மீன் தானாக நகர்ந்து ஒற்றை மீனுக்குக் கீழே போய்ப் படுத்தது. மண்ணின் சட்டம் அல்லவா!

சரசர நின்றது. சீட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து ஆளாக நின்றன. இலைநாட்டுக்காரர்கள், வாள்நாட்டுக்காரர்கள், பேர் தெரியாத நாட்டுக்காரர்கள், எல்லோரும் கையைக் காலை உதறினார்கள். நடுவில் தும்பையன், காதும் மூக்கும் பழையபடி அதனதன் இடத்தில். தோற்றவன் சீட்டாகவேண்டும் என்பது கலைச்சாண்டியே போட்ட சட்டம். அவன் இருந்த இடத்தில் ஒரு வெற்றட்டை கிடந்தது. கழுதை அதை மென்று, "உப்புப் பத்தலை" என்றது.

"கோமு!" என்று தும்பையன் ஓடி வந்தான்.

"மாமா, உனக்கு எத்தனை தடவை..." என்று திட்டத் தொடங்கினாள். பாதிப் பேச்சில் தூக்கம் திரும்பி வந்துவிட்டது. அவன் தோளிலேயே சரிந்தாள்.

நன்றி சொல்ல வந்த கூட்டம் திகைத்து நின்றது. தும்பையன் உதட்டில் விரலை வைத்தான். அவர்கள் வீட்டுக்குப் போகத் துடித்தவர்கள்தான். ஆனாலும் யாரும் போகவில்லை. மேல்துண்டுகளை முடிச்சுப் போட்டு அவளுக்கு நிழல் பிடித்தார்கள். சீட்டாகக் கிடந்த இலைநாட்டு ராஜாவின் தம்பியே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கை கடுக்கக் கடுக்க, பேச்சில்லாமல் நின்றான்.

அவள் தூங்கி எழுந்த பிறகுதான் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். அவர்கள் போன வழியெல்லாம் நல்ல வழி. கேட்ட நமக்கும் அப்படியே அமையட்டும்.